இரவல் வீரர்களின் வளர்ச்சி: கால்பந்து மேலாண்மை விளையாட்டுகளில் கண்காணிப்பின் வரலாறு

கால்பந்து மேலாண்மை விளையாட்டு என்பது, விளையாடுபவர் தாமே பந்தை உதைக்காமல், ஒரு கழகத்தின் மேலாளராக இருந்து அணித்தேர்வு, பயிற்சி, வீரர் பரிமாற்றம், நிதி ஆகியவற்றைக் கவனிக்கும் கணினி விளையாட்டு வகையாகும். இவ்வகை விளையாட்டுகளில் நீண்ட காலமாகத் தனி ஈர்ப்புப் பெற்ற வேலைகளுள் ஒன்று, முதல் அணியில் இடம் கிடைக்காத இளம் வீரரை வேறொரு கழகத்துக்குச் சில மாதங்களுக்கோ ஒரு பருவத்துக்கோ அனுப்பி, அங்கே அவர் எப்படி வளர்கிறார் என்று தொலைவிலிருந்தே கவனித்து வருவது ஆகும்.

செய்தித்தாள்கள் இம்முறையைக் 'கடன் அடிப்படையில் அனுப்புதல்' என்று எழுதுகின்றன. பொருளால் இது இரவலுக்கே நெருக்கமானது. கடனாக வாங்கிய பணத்தைத் திருப்பும்போது அதே நோட்டைத் தரவேண்டியதில்லை. இரவல் வாங்கிய பொருளையோ அப்படியே திருப்பித் தரவேண்டும். கால்பந்து இரவலில் மட்டும், போனவர் போனபடியே திரும்பினால் அது தோல்வி. மாறித் திரும்ப வேண்டும் என்பதற்காகவே அவர் அனுப்பப்படுகிறார். அந்த மாற்றத்தை எப்படி அளப்பது என்ற கேள்விக்கு இவ்விளையாட்டுகள் காலந்தோறும் கொடுத்துவந்த விடைகளே இக்கட்டுரையின் பொருள்.

இரவல் முறையின் பின்னணி

இங்கிலாந்துக் கால்பந்தில் இரவல் முறை 1960-களில் இருந்து நடைமுறையில் உள்ளது. அந்நாட்டில் இம்முறை வேரூன்ற ஓர் அமைப்புக் காரணம் உண்டு. எசுப்பானியாவில் ரியல் மாட்ரிட், பார்சிலோனா போன்ற கழகங்களின் இரண்டாம் அணிகள் தேசியக் கூட்டிணைவின் கீழ்ப்பிரிவுகளில் பிற கழகங்களுடன் மோதுகின்றன. ஜெர்மனியிலும் இதுபோன்ற ஏற்பாடு உண்டு. ஆகவே அங்கே பதினெட்டு வயது வீரர் ஒருவர் தம் கழகத்தை விட்டு விலகாமலேயே வளர்ந்த ஆண்களுக்கு எதிராக ஆடிப் பழக முடியும். இங்கிலாந்தில் இரண்டாம் அணிகளுக்குக் கூட்டிணைவுப் பிரிவுகளில் இடமில்லை. அவை பெரும்பாலும் தமக்குள்ளேயே ஆடுகின்றன. புள்ளிகளுக்காகவும் பிழைப்புக்காகவும் மோதும் ஆட்டத்தின் சூட்டை இளைஞர் உணரவேண்டுமானால், கீழ்ப்பிரிவுக் கழகம் ஒன்றுக்கு இரவலாகப் போகவேண்டும்.

பிற்காலத்தில் புகழ்பெற்ற பலரும் இவ்வழியில் வந்தவர்கள். மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தின் டேவிட் பெக்காம் 1995-இல், தம் 19-ஆம் வயதில், பிரெஸ்டன் நார்த் எண்ட் கழகத்துக்காக 5 ஆட்டங்கள் ஆடி 2 கோல் அடித்தார். வெஸ்ட் ஹாம் கழகத்தின் ஃபிராங்க் லம்பார்ட் அதே ஆண்டில் 17 வயதில் சுவான்சி நகரத்துக்குப் போனார். செல்சியின் ஜான் டெரி 2000-ஆம் ஆண்டில் நாட்டிங்காம் ஃபாரஸ்ட்டில் சில வாரங்கள் இருந்தார்.

வேலை உரிமம் கிடைக்காத வெளிநாட்டு இளைஞர்களை வைத்திருக்கவும் இம்முறை பயன்பட்டது. மான்செஸ்டர் யுனைடெட் 1998-இல் பெல்ஜியத்தின் ராயல் ஆண்ட்வெர்ப் கழகத்துடன் தொடர்பு ஏற்படுத்திக்கொண்டது. 2004-இல் ஒப்பந்தமான சீன வீரர் டோங் ஃபாங்சுவோ, உரிமம் கிடைக்காததால் அங்கேயே சில பருவங்கள் ஆடினார்.

தொடக்ககால விளையாட்டுகள்

கெவின் டாம்ஸ் உருவாக்கி, அடிக்டிவ் கேம்ஸ் நிறுவனத்தின் பெயரில் 1982-இல் வெளிவந்த ஃபுட்பால் மேனேஜர் இவ்வகையின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. அதில் ஒவ்வொரு வீரரும் திறனுக்கு ஓர் எண், உடல் ஆற்றலுக்கு ஓர் எண் என்று இரண்டே எண்களாக இருந்தார். அவ்விளையாட்டின் பட்டியலில் கடன் என்ற சொல் இருந்தது. ஆனால் அது வங்கியில் பணம் வாங்குவதையும் அடைப்பதையும் குறித்தது. வீரரை இரவல் தருவதற்கோ, தந்தபின் அவர் வளர்ச்சியைப் பின்தொடர்வதற்கோ அந்தக் காலக் கணினிகளின் சிறிய நினைவகத்தில் இடமும் இல்லை, அத்தகைய எதிர்பார்ப்பும் எழவில்லை.

பால் கோலியர், ஆலிவர் கோலியர் என்ற இங்கிலாந்துச் சகோதரர்கள் எழுதி, டோமார்க் நிறுவனம் 1992-இல் வெளியிட்ட சாம்பியன்ஷிப் மேனேஜர் இந்நிலையை மாற்றத் தொடங்கியது. அதன் முதல் பதிப்பில் உண்மையான வீரர்களின் பெயர்கள்கூட இல்லை. அடுத்த ஆண்டு வந்த பதிப்பில் உண்மைப் பெயர்கள் சேர்ந்தன. 1994-இல் சகோதரர்கள் ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் நிறுவனத்தைத் தொடங்கினர். 1995-இல் இரண்டாம் தலைமுறைப் பதிப்பும் 1999-இல் மூன்றாம் தலைமுறைப் பதிப்பும் வெளிவந்தன.

பெயர் உண்மையானதும் வீரரோடு விளையாடுபவருக்கு இருந்த உறவு மாறியது. கணினி உருவாக்கிய பெயருக்குக் கடந்தகாலம் கிடையாது. டார்பி கவுண்டியிலோ மில்வாலிலோ உண்மையிலேயே பயிற்சி பெறும் ஒரு பையனுக்கு ஊர் உண்டு, வயது உண்டு, வெளியே நடக்கும் வாழ்க்கை உண்டு. அவரை இரவல் அனுப்பிய பிறகு விளையாடுபவருக்குக் கிடைத்ததோ ஒரே ஒரு வரி: எத்தனை ஆட்டம், எத்தனை கோல், பத்துக்கு எவ்வளவு சராசரி மதிப்பெண். பருவம் முடிந்து வீரர் திரும்பியதும் அவருடைய பக்கத்தைத் திறந்து, பழைய எண்களை நினைவில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதே அக்காலக் கண்காணிப்பு.

மறைந்திருக்கும் இரண்டு எண்கள்

சாம்பியன்ஷிப் மேனேஜரிலும், பதிப்பாளரான ஐடோஸ் நிறுவனத்தைப் பிரிந்த ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் 2004-இல் சேகா நிறுவனத்தின் வழியாக வெளியிடத் தொடங்கிய புதிய ஃபுட்பால் மேனேஜர் தொடரிலும் வீரர்கள் மதிப்பிடப்படும் முறை அடிப்படையில் ஒன்றே. பந்தைக் கட்டுப்படுத்துதல், பந்தளித்தல், துணிவு, வேகம் போன்ற பண்புகள் 1 முதல் 20 வரையிலான எண்களாகத் திரையில் தெரியும். இவற்றுக்குப் பின்னால் திரையில் தெரியாத இரண்டு எண்கள் உள்ளன. ஒன்று இப்போதைய திறன், மற்றொன்று எட்டக்கூடிய உச்சத் திறன். இரண்டும் 1 முதல் 200 வரையிலான அளவில் அமைந்தவை.

இரவலின் பயனைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு எண்களின் உறவை அறிந்திருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 18 வயது வீரர் ஒருவரின் இப்போதைய திறன் 105, உச்சத் திறன் 160 என்று கொள்வோம். நல்ல இரவல் அவரை 105-இலிருந்து மேலே நகர்த்தலாம். எவ்வளவு நல்ல இரவலும் 160-ஐ 170 ஆக்காது. உச்சத் திறன் ஓர் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே முடிவாகிவிடுகிறது. இரவல் தீர்மானிப்பது அந்த உச்சத்தில் எத்தனை பங்கை வீரர் எட்டுவார் என்பதை மட்டுமே. எட்டாமலே ஓய்வு பெறும் வீரர்கள் இவ்விளையாட்டுகளில் ஏராளம்.

மிக இளையோர் சிலருக்குத் தரவுத்தளத்தில் உச்சத் திறன் ஒரே எண்ணாகக் கொடுக்கப்படுவதில்லை. ஒரு வரம்பு மட்டும் குறிக்கப்படுகிறது. புதிய ஆட்டம் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அந்த வரம்புக்குள் ஓர் எண்ணைக் கணினி தேர்ந்தெடுக்கிறது. ஒரே பையன் ஒருவரது கணினியில் உலகத்தரம் எய்துவதும், பக்கத்து வீட்டுக் கணினியில் இரண்டாம் பிரிவிலேயே தங்கிவிடுவதும் இதனால்தான். இளம் வீரரின் எதிர்காலம் யாருக்கும் தெரியாது என்ற உண்மைக்கு விளையாட்டு செய்துகொண்ட இணக்கம் இது.

இப்போதைய திறன் உயரும் வேகத்தைப் பல காரணிகள் தீர்மானிக்கின்றன. வயது, களத்தில் ஆடும் நேரம், ஆடும் கூட்டிணைவின் தரம், இரவல் பெற்ற கழகத்தின் பயிற்சி வசதிகள், பயிற்றுநர்களின் தகுதி, காயங்கள், வீரரின் மனப்பாங்கு ஆகியவை முதன்மையானவை. தொழில் ஒழுக்கம் என்ற பண்பும் திரையில் தெரியாத எண்களுள் ஒன்றே. அது குறைவாக உள்ளவர் எங்கே அனுப்பப்பட்டாலும் மெதுவாகவே வளர்வார்.

குறிப்பேட்டிலிருந்து அட்டவணைக்கு

இரவல் சென்ற வீரர் விளையாடுபவரின் கட்டுப்பாட்டில் இருப்பதில்லை. அவருக்கு என்ன பயிற்சி என்பதை இரவல் பெற்ற கழகம் முடிவு செய்கிறது. அவர் ஆடுவாரா, இருக்கையில் அமர்வாரா என்பதை அங்குள்ள மேலாளர் முடிவு செய்கிறார். தாய்க் கழகத்தின் கையில் மிஞ்சுவது பார்வை ஒன்றுதான். இக்காரணத்தால் விளையாட்டு தந்த தகவல் போதாமல் விளையாடுபவர்களே கண்காணிப்பு முறைகளை வகுத்துக்கொண்டனர்.

எளிய முறை குறிப்பேடு. அனுப்பும் நாளில் வீரரின் பண்பு எண்களைக் குறித்துவைத்து, ஜனவரியில் ஒருமுறையும் பருவ இறுதியில் ஒருமுறையும் ஒப்பிடுவார்கள். பின்னர் ஃபுட்பால் மேனேஜரில் திரையில் உள்ள பட்டியலை இணையப்பக்கமாகவோ உரைக் கோப்பாகவோ சேமிக்கும் வசதி வந்தபோது, அதை அட்டவணை மென்பொருளுக்கு எடுத்துச் சென்று பல பருவங்களின் வளர்ச்சியை வரிசையாக அடுக்க முடிந்தது. மறைந்திருக்கும் எண்களையே படித்துக் காட்டும் ஜீனி ஸ்கவுட் போன்ற வெளி மென்பொருள்களும் பரவின. அவற்றைப் பயன்படுத்துவது ஏமாற்று வேலையா என்பது விளையாடுபவர்களிடையே தீராத வழக்கு. உச்சத் திறன் தெரிந்துவிட்டால் இரவல் வீரரைக் கண்காணிக்க என்ன காரணம் மிச்சமிருக்கிறது என்பது ஒரு தரப்பின் வாதம்.

விளையாட்டின் பிற்காலப் பதிப்புகள் உயர்ந்த பண்பை மேல்நோக்கிய அம்புக்குறியாலும் தாழ்ந்ததைக் கீழ்நோக்கிய அம்புக்குறியாலும் காட்டின. பயிற்றுநர்களும் திறன் தேடுநர்களும் வீரரின் இன்றைய தரத்தையும் எதிர்காலத் தரத்தையும் நட்சத்திரங்களாக மதிப்பிட்டுச் சொன்னார்கள். இந்த நட்சத்திரங்களில் ஒரு பொறி உண்டு. அவை தாய்க் கழகத்தின் அப்போதைய அணியோடு ஒப்பிட்டுத் தரப்படுபவை. கழகம் அதே பருவத்தில் சிறந்த வீரர்களை வாங்கிக் குவித்தால், இரவல் போன இளைஞர் உண்மையில் முன்னேறியிருந்தும் அவருடைய நட்சத்திரங்கள் குறையும். அதைக் கண்டு அவரை விற்றுவிட்டுப் பின்னர் வருந்தியோர் பலர். பழைய குறிப்பேட்டு முறை இன்றும் வழக்கொழியாததற்கு இது ஒரு காரணம். நட்சத்திரம் ஒப்பீட்டளவு, பண்பு எண் நேரளவு.

ஒப்பந்த நிபந்தனைகள்

கண்காணிப்பின் மற்றொரு பாதி, வீரர் கிளம்புவதற்கு முன்பே ஒப்பந்தத்தில் நடக்கிறது. மாதாந்திரக் கட்டணம் எவ்வளவு, ஊதியத்தில் எத்தனை விழுக்காட்டை எந்தக் கழகம் ஏற்கும், இடையில் திரும்ப அழைக்கலாமா, கோப்பைப் போட்டிகளில் ஆடலாமா, பருவ இறுதியில் வாங்கிக்கொள்ளும் உரிமை உண்டா என்பனவெல்லாம் பேசி முடிக்கப்படுகின்றன. அணியில் அவருக்கு எத்தகைய இடம், அதாவது வழக்கமாகத் தொடக்கப் பதினொருவரில் ஒருவரா அல்லது மாற்று வீரரா என்பதும் குறிக்கப்படுகிறது.

அனுபவமுள்ள விளையாடுபவர்கள் இவற்றுள் முதன்மையாகக் கருதுவது கட்டணத்தை அன்று. ஆடும் இடமும் திரும்ப அழைக்கும் உரிமையுமே அவர்களுக்குப் பெரிது. சிறந்த வசதிகள் கொண்ட பெரிய கழகத்தில் இருக்கையில் அமர்ந்திருப்பதைவிட, ஓரளவு வசதியுள்ள கழகத்தில் வாரந்தோறும் தொண்ணூறு நிமிடம் ஆடுவது பதினெட்டு வயதைக் கடந்தவருக்கு நல்லது என்பது இவ்விளையாட்டுகளில் பட்டறிந்து பெற்ற பாடம். அதைவிட இளையவர்களுக்கோ தாய்க் கழகத்தின் நல்ல பயிற்சிக்கூடமே பெரும்பாலும் மேலானது. ஆக, ஓர் இரவல் சரியாகப் போகிறதா என்று அறிய முதலில் பார்க்கவேண்டியது ஆடிய நிமிடங்கள். கோல்களும் மதிப்பெண்ணும் அதன் பின்னரே வரும்.

உண்மைக் கழகங்களில் இரவல் துறை

விளையாடுபவர்கள் அட்டவணை வைத்து இரவல் வீரர்களைப் பின்தொடர்ந்த காலத்தில், உண்மையான கழகங்களும் அதையே பெரிய அளவில் செய்யத் தொடங்கின. இதில் அதிகம் பேசப்பட்டது செல்சி. பெல்ஜியத்தின் ஹெங்க் கழகத்திலிருந்து 2011-இல் வாங்கப்பட்ட கோல்காப்பாளர் திபோ கோர்த்துவா, நேரே அத்லெட்டிகோ மாட்ரிட் கழகத்துக்கு இரவல் போய் மூன்று பருவங்கள் அங்கே ஆடினார். 2014 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் அவர் தம் தாய்க் கழகமான செல்சியையே எதிர்த்து ஆடி வென்றார். அதே ஹெங்க் கழகத்திலிருந்து வந்த கெவின் டி பிரய்னா 2012-13 பருவத்தில் வெர்டர் பிரெமனில் 10 கோல் அடித்துத் திரும்பினார்; செல்சியில் இடம் கிடைக்காமல் 2014 ஜனவரியில் வுல்ஃப்ஸ்பர்க்குக்கு விற்கப்பட்டார். ரொமேலு லுக்காக்கு வெஸ்ட் ப்ரோம் கழகத்தில் இரவலாக ஆடிய அதே பருவத்தில் பிரீமியர் லீக்கில் 17 கோல் அடித்தார்.

2018-19 பருவத்தில் செல்சி இரவலாக அனுப்பிய வீரர்கள் ஏறத்தாழ 40 பேர். இத்தனை பேரைக் கவனிக்கத் தனி ஆட்கள் தேவைப்பட்டனர். முன்னாள் நடுக்கள வீரர் எடி நியூட்டன் போன்றோர் ஊர் ஊராகச் சென்று ஆட்டங்களைப் பார்த்து, வீரர்களோடு பேசி, தாய்க் கழகத்துக்கு அறிக்கை அளித்தனர். விமர்சகர்கள் இதை வீரர் வளர்ப்பாகப் பார்க்கவில்லை. விலை ஏறும்வரை சரக்கைக் கிடங்கில் வைத்திருக்கும் வணிகம் என்றே குறைகூறினர்.

இரண்டு பார்வைக்கும் ஆதாரம் உண்டு. 2019-இல் ஃபிஃபா செல்சிக்கு வீரர் வாங்கத் தடை விதித்தபோது கழகம் இரவல் போயிருந்தவர்களையே நம்ப நேர்ந்தது. ஆஸ்டன் வில்லாவில் ஆடிய டாமி ஆபிரகாம், டார்பி கவுண்டியில் ஆடிய மேசன் மவுண்ட்டும் ஃபிகாயோ தொமோரியும், விகன் அத்லெட்டிக்கில் ஆடிய ரீஸ் ஜேம்ஸும் முதல் அணிக்கு வந்தனர். அவர்களை ஆடவைத்த புதிய மேலாளர், தாமே 17 வயதில் இரவல் போயிருந்த ஃபிராங்க் லம்பார்ட். மவுண்ட்டும் ஜேம்ஸும் 2021 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் ஆடிக் கோப்பையை வென்றனர். மற்றொரு பக்கத்தில், பல ஆண்டுகள் நாடு நாடாக இரவல் சென்று, செல்சிக்காக ஒரு கூட்டிணைவு ஆட்டம்கூட ஆடாமல் விலகியோரும் பலர்.

விளையாட்டின் தரவும் இக்காலத்தில் உண்மைக் கழகங்களுக்குள் நுழைந்தது. ஃபுட்பால் மேனேஜர் தரவுத்தளத்தைத் தம் திறன் தேடலுக்குப் பயன்படுத்த எவர்ட்டன் கழகம் 2008-இல் ஒப்பந்தம் செய்துகொண்டது. 2014-இல் தரவு ஆய்வு நிறுவனமான புரோசோன், அத்தரவைத் தன் வீரர் தேர்வுக் கருவியில் இணைத்தது. உண்மையைப் பார்த்து எழுதப்பட்ட எண்கள், உண்மையான வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்கே வந்து சேர்ந்தன.

வளர்ச்சி மையம்

2019 நவம்பரில் வெளியான ஃபுட்பால் மேனேஜர் 2020 பதிப்பில் வளர்ச்சி மையம் என்ற தனிப்பகுதி சேர்க்கப்பட்டது. இளையோர் அணிகள், முதல் அணியின் விளிம்பில் நிற்கும் இளைஞர்கள், இரவல் சென்றவர்கள் ஆகியோரின் நிலை ஒரே இடத்தில் தொகுத்துக் காட்டப்பட்டது. இரவலில் இருப்பவர் எத்தனை ஆட்டம் ஆடினார், ஒப்பந்தத்தில் சொன்ன இடம் அவருக்குக் கிடைக்கிறதா, மகிழ்ச்சியாக இருக்கிறாரா என்பவற்றை ஊழியர்களே அறிக்கையாகத் தந்தனர். அடுத்தடுத்த பருவங்களில் வீரர் எத்தகைய இடத்தைப் பெறுவார் என்று முன்கூட்டியே பேசி வாக்குறுதி தரும் ஏற்பாடும் அதே பதிப்பில் வந்தது. இரவல் வீரர்களைக் கவனிப்பதற்கென்றே ஓர் ஊழியரை நியமிக்கும் வசதியும் இத்தொடரில் இடம்பெற்றது. செல்சியில் உருவான வேலை, விளையாட்டில் ஒரு பதவியாயிற்று.

இம்மாற்றத்தால் கண்காணிப்பின் மையம் நகர்ந்தது. முன்பு திரும்பி வந்தவரின் எண்களைப் பார்ப்பதே வேலை. இப்போது இரவல் நடந்துகொண்டிருக்கும்போதே தலையிடலாம்: அக்டோபரில் மூன்று ஆட்டம் மட்டுமே ஆடியிருந்தால் ஜனவரியில் திரும்ப அழைத்து வேறு கழகத்துக்கு அனுப்பலாம். ஒரே கழகத்தின் இளைஞரைப் படிப்படியாகக் கடினமான கூட்டிணைவுகளுக்கு அனுப்பும் உத்தியும் எளிதாயிற்று. உண்மை வாழ்வில் இதற்கு ஒப்பாக, 16 வயதில் ரியல் மாட்ரிட்டில் சேர்ந்த நார்வே வீரர் மார்ட்டின் ஓடெகார்டின் பாதையைச் சொல்லலாம். அவர் 2017 முதல் நெதர்லாந்தின் ஹீரன்வேன், விட்டெஸ்ஸே, எசுப்பானியாவின் ரியல் சொசியடாட், இங்கிலாந்தின் ஆர்சனல் என்று நான்கு கழகங்களில் இரவலாக ஆடினார். 2021-இல் ஆர்சனல் அவரை நிலையாகவே வாங்கிக்கொண்டது.

கணிப்பு தவறிய இடங்கள்

எண்களின் எல்லையைக் காட்டும் இரண்டு பெயர்களை இவ்விளையாட்டின் பழைய ரசிகர்கள் மறப்பதில்லை. 2000-களின் தொடக்கத்தில் வந்த சாம்பியன்ஷிப் மேனேஜர் பதிப்புகளில், டார்பி கவுண்டியின் இளையோர் அணியில் இருந்த டோன்டன் சோலா மௌகோகோவை வாங்கியவர்கள் உலகின் மிகச்சிறந்த நடுக்கள வீரர்களுள் ஒருவரைப் பெற்றனர். மில்வாலின் செர்னோ சாம்பா கோல்களைக் குவித்தார். உண்மையில் மௌகோகோ டார்பியின் முதல் அணிக்காக ஓர் ஆட்டமும் ஆடவில்லை. சாம்பாவும் மில்வாலின் முதல் அணியில் ஆடாமலே விலகினார்; பின்னர் எசுப்பானியாவின் காதிஸ், இங்கிலாந்தின் பிளிமத் ஆர்கைல் ஆகிய கழகங்களில் இருந்தார், காம்பியா நாட்டு அணிக்காகவும் ஆடினார். பதின்ம வயதில் தாம் அறியாத லட்சக்கணக்கானோரின் கணினியில் நட்சத்திரமாக இருந்தவர்கள் இவர்கள். அந்தப் புகழுக்கு ஈடாக ஆடிக்காட்ட வேண்டிய சுமையும் அவர்கள் தோளில் ஏறியது.

எதிர்த்திசையில் தவறியதற்குச் சான்று ஹாரி கேன். டாட்டன்ஹாம் கழகம் அவரை நான்கு கழகங்களுக்கு இரவல் அனுப்பியது. 2011-இல் லேட்டன் ஓரியண்ட் கழகத்துக்காக 18 கூட்டிணைவு ஆட்டங்களில் 5 கோல், 2012-இல் மில்வாலுக்காக 22 ஆட்டங்களில் 7 கோல் அடித்தார். அடுத்து நார்விச் நகரத்தில் காயமடைந்து 3 ஆட்டங்களே ஆடினார், கோல் இல்லை. 2013-இல் லெஸ்டர் நகரத்தில் 13 ஆட்டங்களில் 2 கோல். அந்த ஆண்டு மே மாதம் லெஸ்டர் தகுதிச்சுற்று அரையிறுதியில் வாட்ஃபோர்டிடம் தோற்ற ஆட்டத்தில், கேன் தொடக்கப் பதினொருவரில் இல்லை. எதிரணியில் இரண்டு கோல் அடித்த மத்தேய் விட்ராவும் இத்தாலியின் உதினேசேயிலிருந்து இரவல் வந்தவரே. அன்றைய எண்களை மட்டும் அட்டவணையில் போட்டுப் பார்த்தவர், ஏறுவரிசை இறங்குவரிசையாக மாறிவிட்டது என்றே முடிவு செய்திருப்பார். 2014-15 பருவத்தில் கேன் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 31 கோல் அடித்தார். 2023-இல் டாட்டன்ஹாமுக்கும் இங்கிலாந்துக்கும் வரலாற்றிலேயே அதிகக் கோல் அடித்தவரானார்.

மில்வாலில் தரம் இறங்காமல் காக்கும் போராட்டத்தில் ஆடியதும், நார்விச்சில் காயத்தோடு காத்திருந்ததும், லெஸ்டரில் இருக்கையில் அமர்ந்திருந்ததும் கேனுக்கு என்ன கற்றுத்தந்தன என்பது எந்தப் பண்பு எண்ணிலும் ஏறவில்லை. விளையாட்டின் வளர்ச்சிக் கணக்கில் ஆடாத நிமிடம் வீணான நிமிடம். மனித வாழ்வில் அது எப்போதும் அப்படி இருப்பதில்லை.

புதிய விதிகள்

கழகங்கள் வீரர்களைக் குவித்து வைப்பதைத் தடுக்க ஃபிஃபா வகுத்த விதிகள் 2022 சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தன. இவற்றின்படி பன்னாட்டு இரவல் ஒன்று ஓராண்டுக்கு மேல் நீடிக்கக்கூடாது. இரவல் வந்தவரை மூன்றாவது கழகத்துக்கு மறு இரவல் தரக்கூடாது. ஒரே இரண்டு கழகங்களுக்கிடையில் மூன்று பேருக்கு மேல் இரவல் போகக்கூடாது. ஒரு கழகம் அனுப்பக்கூடிய, பெறக்கூடிய வீரர்களின் எண்ணிக்கை 2022-23-இல் எட்டாகவும், அடுத்த பருவத்தில் ஏழாகவும், 2024 சூலை முதல் ஆறாகவும் குறைக்கப்பட்டது. 21 வயதுக்குட்பட்டோருக்கும் கழகமே வளர்த்த வீரர்களுக்கும் இந்த எண்ணிக்கை வரம்பிலிருந்து விலக்கு உண்டு.

விலக்கு யாருக்கு என்பதில்தான் விதியின் நோக்கம் தெரிகிறது. கற்றுக்கொள்ளப் போகும் இளைஞருக்குத் தடையில்லை. இருபத்துநான்கு வயதாகியும் ஊர் ஊராகச் சுற்றவைக்கப்படுபவருக்கே வரம்பு. உண்மை விதிகளைப் பின்பற்றி எழுதப்படும் மேலாண்மை விளையாட்டுகளில், நாற்பது பேரை அனுப்பி நாற்பது வரிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் பழைய பாணிக்கு இதனால் இடம் சுருங்கியது.

மதிப்பீடு

நாற்பது ஆண்டுகளில் இவ்விளையாட்டுகளின் இரவல் கண்காணிப்பு மூன்று நிலைகளைக் கடந்துள்ளது. முதலில் விளைவு மட்டும் தெரிந்தது: ஆட்டம், கோல், மதிப்பெண். பிறகு மாற்றம் தெரிந்தது: எந்தப் பண்பு எவ்வளவு ஏறியது. இறுதியில் சூழலும் தெரிந்தது: சொன்ன இடம் கிடைத்ததா, அந்த ஊர் அவருக்குப் பிடித்திருக்கிறதா. ஒவ்வொரு நிலையிலும் திரை, வீரருக்குச் சற்று நெருக்கமாக வந்தது.

இருப்பினும் விளையாட்டுக்கும் களத்துக்கும் ஒரு வேறுபாடு எஞ்சுகிறது. இரவல் தவறிப்போனால் விளையாடுபவர் பழைய சேமிப்பைத் திறந்து அதே ஆகஸ்டு மாதத்துக்குத் திரும்பி, அதே பையனை வேறு ஊருக்கு அனுப்பலாம். உண்மை வீரருக்குப் பத்தொன்பதாம் வயது ஒருமுறைதான் வருகிறது. கழகங்கள் இரவல் துறைகளை அமைத்ததும், ஃபிஃபா விதி வகுத்ததும், விளையாட்டு தன் திரையில் வீரரின் மனநிலைக்கு ஓர் இடம் ஒதுக்கியதும் அந்த ஓராண்டின் விலையை வெவ்வேறு வழிகளில் ஒப்புக்கொண்டதன் அடையாளங்கள்.